பொம்மை செய்து கொடுத்தும் நாய் சீண்டவில்லையா? குணம் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நாயின் மூளைக்கு வேலை கொடுக்கிற பொருள்களை வீட்டிலேயே செய்வது பெரிய வித்தை இல்லை. பிளாஸ்ரிக் போத்தலுக்குள் தீனியைப் போட்டு உருட்ட விடலாம். பழைய துவாயில் பிஸ்கற்றைச் சுருட்டிக் கொடுக்கலாம். காட்போட் பெட்டிக்குள் ஒளிக்கலாம், சிரட்டையில் பூசி நக்க விடலாம், கிழிந்த சாரத்தைப் பின்னி இழுவைக் கயிறு செய்யலாம். எல்லாம் ஐந்து நிமிட வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான். நாய் திரும்பியும் பார்க்காது. அல்லது ஒரே கடியில் கதையை முடித்துவிடும். அல்லது தீனியை விட்டுவிட்டுத் துவாயைத் தின்னும்.

"எங்கட நாய்க்கு உதெல்லாம் சரிவராது" என்று தூக்கி எறியமுன் நாய் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். அனேகமாகப் பொருத்தம் பார்க்காததுதான் பிழையாக இருக்கும். சில நாய்க்கு மோப்பம் பிடிப்பதில் ஆசை, சிலதுக்குக் கிழிப்பதில், சிலதுக்கு நக்குவதில், சிலதுக்கு மெல்லுவதில். கிழிக்கிற நாயிடம் மோப்பப் பொம்மையைக் கொடுத்தால் அதையும் கிழிக்கத்தான் செய்யும். கீழே உங்கள் நாயின் குணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

"மணந்துபோட்டுப் போய்ப் படுக்குது"

முதலில் நேரத்தைப் பாருங்கள். அயலில் ஓர் அக்கா இதே முறைப்பாட்டோடு வந்தார்.

"எத்தினை மணிக்கு அக்கா குடுத்தனீங்கள்?"

"மத்தியானம், நாங்கள் சாப்பிட்ட கையோட."

யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் நாய் கிணற்றடி ஈரமண்ணைத் தேடிப் படுக்கும், படுக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பொம்மையும் எடுபடாது. வெயில் ஏறமுன் காலையில், அல்லது பொழுதுபட்ட பிறகு கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது வயிறு. சோற்றுச் சட்டி நாள் முழுக்கப் படிக்கட்டடியில் கிடந்தால் எந்த நாய் வேலை செய்து சாப்பிடும்? சில பிராணிகள் செய்யும் என்பது வேறு கதை. 1963இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், பக்கத்தில் உணவு சும்மா இருக்க, நெம்புகோலை அழுத்திப் பெறுகிற உணவையே பல எலிகள் நாடின. அதை நம்பி நம் வீட்டு நாயிடமும் எதிர்பார்க்கக்கூடாது. சாப்பாட்டை நேரத்துக்கு வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பொம்மைக்குள் போடுவதை அடுத்த நேரச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் கொடுங்கள்.

மூன்றாவது வாசம். காய்ந்த பிஸ்கற்றை மூடி இறுக்கிய போத்தலுக்குள் போட்டால் வாசம் எப்படி வெளியே வரும்? மூடியைக் கழற்றிவிடுங்கள். முள் எடுத்த அவித்த மீனில் ஒரு சிறு துண்டை விரலால் போத்தல் வாயில் தேய்த்துவிட்டால் போதும், நாயின் நடையே மாறும். கருவாடு இன்னும் இழுக்கும், ஆனால் உப்பு. நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, நகக்கண் அளவு துண்டுக்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மணந்துவிட்டுப் போகிறது என்றால், அதற்கு இந்த விளையாட்டைத் தெரியாது. பிறந்த நாளிலிருந்து சட்டியில் தின்ற நாய்க்கு, துவாய்க்குள் சாப்பாடு இருக்கும் என்பது எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுக்க வேண்டும். துவாயை நிலத்தில் விரித்து, தீனியை வெளிவெளியாகப் போட்டு, நாய் பார்த்துக்கொண்டிருக்கவே தின்ன விடுங்கள். அடுத்த முறை ஓர் ஓரத்தை மட்டும் தீனிக்கு மேல் மடித்துவிடுங்கள். மூக்கால் தள்ளினால் திறபட வேண்டும். அப்புறம் பாதிவரை சுருட்டி, ஓரிரு துண்டுகளை வெளியே தெரிய விடுங்கள். மூக்கைக் கொடுத்து உருட்டத் தொடங்கிவிட்டது என்று கண்ட பிறகுதான் முழுச் சுருள். முதல் நாளே முழுச் சுருளைக் கொடுத்துவிட்டு நாயைக் குறை சொல்லுகிறவர்கள்தான் அதிகம்.

"ரெண்டு நிமிசத்தில முடிச்சிட்டு என்ர முகத்தைப் பாக்குது"

இது நல்ல பிரச்சினை. விளையாட்டு விளங்கிவிட்டது, இனிக் கடினத்தைக் கூட்டினால் சரி. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு படிதான்.

போத்தல் என்றால் உள்ளே கசக்கிய வெள்ளைக் கடதாசி உருண்டைகள் இரண்டு போடுங்கள். தீனி அவ்வளவு இலகுவில் வெளியே வராது. அச்சடித்த பேப்பரைவிட வெள்ளைத்தாள் நல்லது. துவாய் என்றால் சுருட்டிய பிறகு தளர்வாக ஒரு முடிச்சு. அந்தச் சுருளையே ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மடிப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டால் அது அடுத்த படி. வளவில் இடம் இருந்தால் இது எதுவுமே வேண்டாம். ஒரு பிடி தீனியைப் புல்லுக்குள் வீசிவிடுங்கள். செலவே இல்லாத பொம்மை அது. என்னைக் கேட்டால் போத்தலைவிட இதுவே மேல், ஏனென்றால் நாய்க்கு மூக்குத்தான் முதல்.

நக்குகிற நாய்க்கு உறையவைத்துக் கொடுப்பதுதான் வழி. குழைந்த சிவப்பரிசிச் சோறு, அவித்து மசித்த பூசணிக்காய், இனிப்பில்லாத தயிர் ஒரு கரண்டி: மூன்றையும் சேர்த்துப் பிசைந்து வெறும் யோகட் கப்பில் அடைத்து, பிறிஜ்ஜின் பிறீசருக்குள் இரவு முழுக்க வையுங்கள். கொடுக்கும்போது கப்பைத் தண்ணீரில் காட்டிக் கட்டியை மட்டும் வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும். கப்போடு கொடுத்தால் நாய் கப்பையும் நொறுக்கும். வெறும் ஐஸ் கட்டியை மெல்ல விடாதீர்கள், பல்லுக்குக் கூடாது. குழையல் உறைந்தால் அவ்வளவு கடினம் வராது. விறாந்தையில் வைத்தால் உருகி நிலமெல்லாம் பிசுபிசுக்கும். கிணற்றடிச் சீமெந்தில் வையுங்கள், பிறகு ஒரு வாளி தண்ணீரோடு கழுவிவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். பத்து நிமிடம் மும்முரமாக மோப்பம் பிடித்த நாய் பிறகு நன்றாகத் தூங்கும். ஒரு மணித்தியாலம் இழுபட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"தீனியை விட்டிட்டுத் துவாயைத் தின்னுது"

இந்தக் குறிப்பில் வேறெதை விட்டாலும் இதை விடாமல் வாசியுங்கள். கிழிப்பது பிழையில்லை, கிழிக்கத்தான் பெட்டியைக் கொடுக்கிறோம். முற்றத்தில் காட்போட் துண்டு பறந்தால் கூட்டி அள்ளுங்கள், நாயை ஏசாதீர்கள். விழுங்குவதுதான் பிழை. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, விளையாட்டு முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்ப்பது. ஒரு மூலை குறைகிறதா? அது நாய்க்குள்ளேதான் இருக்கிறது.

காட்போட்டில் ஒரு சிறு துண்டு போனால் ஊறி, அனேகமாக மலத்தோடு வந்துவிடும். துணி அப்படியல்ல. அதிலும் நூல், நாடா, கயிறு போன்ற நீளப் பொருள்கள் மிக மோசம். ஒரு நுனி எங்காவது மாட்டிக்கொள்ள, மறுநுனியைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். சுருக்குப்பையின் நாடாவை இழுத்ததுபோலக் குடல் சுருண்டு, நூல் அதன் சுவரையே அறுக்கும். சத்திரசிகிச்சை இல்லாமல் தப்புவது கடினம். ஆகவே துணியை விழுங்குகிற நாய்க்குத் துவாயும் இல்லை, சாரக் கயிறும் இல்லை, பழைய காலுறையும் இல்லை. மீன்பிடி ஊர்களான குருநகர், பாசையூர்ப் பக்கம் சும்மா கிடைக்கிறது என்று நைலோன் வலைத்துண்டையோ கயிற்றையோ கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மீனின் வாசத்துக்காகவே நாய் அதை விழுங்கும். வேண்டவே வேண்டாம்.

பொச்சுமட்டையும் இந்தக் கணக்குத்தான். உரித்த மட்டையைக் கிழிப்பதில் நாய்க்கு அலாதி இன்பம். ஆனால் தும்பு வயிற்றுக்குள் திரண்டு அடைக்கும். தும்பைத் துப்புகிற நாய்க்குக் கொடுக்கலாம், கண்ணுக்கு முன்னே மட்டும். பனம்பழக் காலத்தில் சூப்பின பனங்கொட்டையை நாய் தூக்கிக்கொண்டு ஓடினால், தும்பைச் சூப்பும்வரை விட்டு, கொட்டையைக் கடிக்கத் தொடங்கும்போது வாங்கிவிடுங்கள். மாங்கொட்டை மட்டும் எந்த நாய்க்கும் கூடாது. கறுத்தக்கொழும்பான் கொட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், குடலில் போய் நிற்கும்.

பழைய நீத்துப்பெட்டி நல்ல பொருள். உள்ளே தீனியைப் போட்டு வாயைக் காட்போட்டால் அடைத்துக் கொடுத்தால், ஓலையைப் பிரித்து எடுக்க நாய் நன்றாகவே மினக்கெடும். கொடுக்கமுன் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த ஓலையின் விளிம்பு முரசைக் கீறும். சாயம் போட்ட ஓலைப்பொருள் வேண்டாம். ஈர்க்கு குத்துகிற எதுவும் வேண்டாம்.

போத்தல் கொடுக்கிறவர்கள் மூடியை மட்டும் கழற்றிவிட்டு, கழுத்தில் இருக்கிற அந்தச் சின்ன வளையத்தை மறந்துவிடுகிறார்கள். அதையும் வெட்டி எடுங்கள், மேலே ஒட்டிய தாளையும் உரியுங்கள். போத்தல் பிளந்து கூர் தெரிந்த உடனே குப்பைக்கு. சிரட்டையின் விளிம்பைச் சீமெந்தில் உரசி மழுக்கிவிட்டு, நக்கி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எது பல்லுக்கு ஆபத்து என்பதற்கு இலகுவான சோதனை உண்டு: பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள், கொஞ்சமும் பதியவில்லை என்றால் அது மெல்லுவதற்கு ஏற்ற பொருள் இல்லை. சிரட்டை, மாட்டெலும்பு, கல், இவை எல்லாம் இதில் தோற்கும். பந்து என்றால் நாய் வாயை முழுக்கத் திறந்தாலும் உள்ளே போகாத அளவாக இருக்க வேண்டும்.

எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற நாய் என்றால், கைவேலையை விட்டு ஒரு நல்ல ரப்பர்ப் பொம்மையை வாங்கிவிடுவதே மலிவு. இப்போது உலகம் முழுக்க விற்கிற கொங் பொம்மையும் இப்படித்தான் தொடங்கியது: 1970களில் ஜோ மார்க்கம் என்ற அமெரிக்கர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் நாய் பிரிட்ஸ், கழற்றிப் போட்ட வோக்ஸ்வாகன் வாகனத்தின் ரப்பர்ப் பாகம் ஒன்றை விடாமல் கடிப்பதைக் கண்டுதான் அதைச் செய்தார்.

விழுங்கிவிட்டது என்று சந்தேகமா? திரும்பத் திரும்பச் சத்தி, சாப்பாட்டில் மனமின்மை, முதுகை வளைத்து நிற்பது, வயிற்றைத் தொட விடாதது, மலம் போகாமல் முக்குவது: இதில் ஒன்று கண்டாலும் மிருக வைத்தியரிடம் போங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். பின்பக்கத்தில் நூல் நுனி தொங்கினால் இழுக்கக்கூடாது. உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிற பழைய வைத்தியமும் கூடாது, உப்பே நஞ்சாகிவிடும்.

"குரைக்குது, காலால அடிக்குது, பேந்து கோவத்தில கேற்றடிக்கு ஓடுது"

கடினம் கூடிவிட்டது. இரண்டு படி இறங்குங்கள். போத்தலின் வாய் சின்னதென்றால் அகன்ற வாய்ப் பிளாஸ்ரிக் பேணிக்கு மாறுங்கள். நாய் வென்று முடிக்க வேண்டும், களைத்து விடக்கூடாது.

"போத்தில் உருண்டா ஓடி ஒளிக்குது"

சீமெந்து நிலத்தில் போத்தல் போடுகிற சத்தம் நமக்கே எரிச்சல். மணலில் உருட்ட விடுங்கள். துணியை விழுங்காத நாய் என்றால் போத்தலை ஒரு காலுறைக்குள் செருகலாம். சத்தமே இல்லாத துவாய், பெட்டி, நக்கல் பக்கம் போனாலும் சரிதான்.

கோயில் திருவிழாக் காலத்தில் நேற்றுவரை விளையாடிய நாய் இன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தால் அதற்கும் பொம்மைக்கும் தொடர்பில்லை. வெடிச்சத்தம். பயந்த நாய் தின்னாது. தின்னென்று நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளறையில் விட்டு, யன்னலைச் சாத்தி, பக்கத்தில் இருங்கள். வெடி தொடங்க முன்னரே நக்குகிறதற்கு ஏதாவது கொடுத்து வைத்தால் சில நாய்கள் அதிலேயே அமைதியாகிவிடும்.

"நாய்க்கு முதல் எறும்பு வந்திட்டுது"

வெளிநாட்டுச் செய்முறைகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இங்கே ஒரு மாரி பிஸ்கற் துண்டு போதும், கால் மணித்தியாலத்தில் ஊர்வலம் வந்துவிடும். முசுற்றெறும்பு மூக்கில் கடித்த நாய் அந்தப் பொம்மையைப் பிறகு தொடாது.

இனிப்பை விடுங்கள், சீனி, வாழைப்பழம், தேன் எதுவும் வெளியில் கொடுக்கிற பொம்மைக்கு வேண்டாம். நக்கல் சட்டியை, தண்ணீர் ஊற்றிய அகன்ற தட்டத்தின் நடுவில் வையுங்கள். சர்க்கரைப் போத்தலுக்கு அம்மம்மா செய்த அதே வேலை. தீனி தீர்ந்ததும் பொம்மையை எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். எறும்புப் பவுடரை மட்டும் நாய் நடமாடுகிற இடத்தில் தூவாதீர்கள், காலில் ஒட்டி நாக்குக்குப் போகும்.

மாரியில் எறும்பைவிடப் பூஞ்சணம் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் துவாயும் ஓலையும் காயாது. கறுப்புப் புள்ளி கண்ட எதையும் மறுபடி கொடுக்காதீர்கள். அந்த இரண்டு மூன்று மாதமும் காட்போட்டோடு நிற்பது நல்லது. ஒரு தரம் பாவித்தால் எறிந்துவிடலாம்.

"கிட்டப் போனா உறுமுது"

ஏசாதீர்கள், அடிக்காதீர்கள், பறிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். தூரத்தில் நின்று அதைவிட நல்ல துண்டொன்றை எறியுங்கள். அது அதை எடுக்க எழும்பிப் போனதும் பொம்மையை எடுங்கள். நாள் போக, ஆள் வந்தால் நல்லது கிடைக்கும் என்று அதற்குப் பதியும். இரண்டு நாய் உள்ள வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி, நடுவில் கதவு. சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் பக்கத்தில் விடவே கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் உறுமல் கூடினால் உணவுப் பொம்மையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருக்காதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

"வயித்தால போகுது"

புதிதாக எதைச் சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். தேங்காய்ச் சொட்டும் தேங்காய்ப்பாலும் கொழுப்பு. கொஞ்சம் கூடினாலும் போகும். பசுப்பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது, தயிர் பரவாயில்லை. பொம்மைக்குள் போகிற தீனி நாள் சாப்பாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். மேலதிகமாகக் கொடுப்பது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

கறிச்சோற்றைப் பொம்மைக்குள் அடைக்காதீர்கள். உறைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும், சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. முந்திரிகைப்பழமும் (திராட்சை) முந்திரிகை வற்றலும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; வீட்டுப் பந்தலில் காய்த்தது, கீழே உதிர்ந்தது எல்லாவற்றையும் கூட்டி அள்ளுங்கள். சொக்கலேற் கூடாது. சமைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குத்தும். பூசுகிறதற்குக் கச்சான் நல்லது; வறுத்து, உப்பில்லாமல் வீட்டிலேயே அரையுங்கள். கடைப் போத்தலில் வாங்கினால் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், அது நாய்க்குக் கொடிய நஞ்சு.

ஒரு நாள் இளகிப் போய், நாய் துடியாட்டமாக இருந்தால் வெறும் சோற்றுக் கஞ்சியோடு பார்க்கலாம். இரத்தம் கண்டால், சத்தியும் சேர்ந்தால், குட்டி நாய் என்றால் காத்திருக்க வேண்டாம்.

"எல்லாம் குடுத்தும் வேலியடியில கிடங்கு தோண்டுது"

தோண்டுகிற ஆசையைப் போத்தல் தீர்க்காது. தோண்டுகிறதற்கே ஓர் இடம் கொடுங்கள். நிழல் பார்த்து ஒரு பழைய ரயரை நிலத்தில் போட்டு, உள்ளே மணலை நிரப்பி, நாய் பார்க்க இரண்டு துண்டு பிஸ்கற்றை மேலோட்டமாகப் புதையுங்கள். பிறகு கொஞ்சம் ஆழமாக. வேலியடியில் தோண்டும்போது கூப்பிட்டு இங்கே கொண்டுவந்து விட்டால் சில நாளில் தானே வரும். இரவில் ஒரு கிடுகால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊர்ப் பூனைக்கெல்லாம் அதுதான் கக்கூஸ்.

தோண்டிய கிடங்குக்குள்ளேயே படுத்துக் கிடந்தால் அது விளையாட்டு இல்லை, வெக்கை. நிழலும் தண்ணீரும்தான் அதற்கு மருந்து. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டியிருந்து இரவில் அவிழ்த்ததும் தோண்டினால், கட்டி வைத்த நேரத்தைக் குறைத்து விடியற்காலை ஒழுங்கையில் ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள்; எந்தப் பொம்மையும் அதற்கு ஈடாகாது. ஒரே இடத்தை மட்டும், மூக்கை மண்ணுக்குள் விட்டு மூசி மூசித் தோண்டினால் கீழே அகழான் வளை இருக்கிறது. பொறி வையுங்கள், எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற அகழானைக் கடைசியில் பிடித்துத் தின்னப்போவது அதே நாய்தான்.